பதினைந்தாவது சொல்

"போர்முனைகளிலும் பேரிடர்களிலும் உயிரைப் பணயம் வைத்து உண்மையைப் பதிவு செய்யும் ஃப்ரீலான்ஸ் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர்." படங்களை வாங்கி விற்கும் நிறுவனம் தன் இணையப் பக்கத்தில் அவரைப் பற்றி இப்படித்தான் எழுதியிருந்தது. அவர் பார்த்த ஒரே போர், பேருந்துக் கட்டணத்தை எதிர்த்து நடந்த ஊர்வலம். அங்கேயும் கல் பறக்கத் தொடங்கியதும் ஒரு மருந்துக்கடைக்குள் புகுந்து தலைவலி மாத்திரை விசாரித்துக்கொண்டிருந்தார். பேரிடர் என்றால், தண்ணீர்க் குழாய் வெடித்து நூலகத்துக்குள் வெள்ளம் புகுந்த அன்று முழங்கால் வரை நனைந்ததைச் சொல்லலாம். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் திறப்புவிழா, மறியல், விலையேற்றம் என்று போன இடத்திலெல்லாம் காவலர்கள் "கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்று சொல்லிச் சொல்லி, சக புகைப்படக்காரர்கள் அவருக்கு ஓரத்தார் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஓரத்தில் நிற்பவனுக்குத்தான் முழுக்கூட்டமும் தெரியும் என்பார்.

வேலையில் கெட்டிக்காரர். நல்ல வெளிச்சம் எங்காவது விழுந்தால் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். அப்படி வியர்த்த ஒரு நண்பகலில்தான் தங்கையின் கணவரைப் படம் எடுத்தார். மாப்பிள்ளை நகரப் பேருந்து ஓட்டுநர். வராத ஒருவருக்கும் சேர்த்து இரண்டு ஷிஃப்ட் வேலை பார்த்துவிட்டு, பணிமனைக்கு எதிரே நிறுத்தத்து பெஞ்சில், காலணியைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கசங்கிய சீருடை, பாதி திறந்த வாய், முகத்தில் பாதி நிழல். அவரைச் சாப்பிட அழைத்துப்போக வந்த ஓரத்தார் முதலில் ஐந்து படம் எடுத்தார், பிறகுதான் எழுப்பினார். எடுத்ததையும் சொன்னார்.

"தூங்குறதகூட விக்க முடியுமா மச்சான்? தெரிஞ்சிருந்தா இந்நேரம் பெரிய ஆளாயிருப்பேனே," என்று மாப்பிள்ளை சிரித்தார்.

படத்தை நிறுவனத்துக்கு அனுப்பும்போது, தேடுகிறவர்கள் கண்ணில் படுவதற்காகக் குறைந்தது பதினைந்து குறிச்சொற்கள் தரவேண்டும். ஒன்று குறைந்தாலும் படம் உள்ளே போகாது. ஓட்டுநர், பேருந்து, உறக்கம், களைப்பு, வெயில் என்று பதினான்கு வரை ஓரத்தார் நேர்மையாகவே வந்தார். அப்புறம் சொல் பஞ்சம். பதினைந்தாவதாக "போதை" என்று தட்டினார். மாப்பிள்ளை ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். அந்தச் சொல்லைத் தேடுகிறவர்கள் ஏராளம் என்பதும் தெரியும்.

ஏழு மாதம் கழித்து ஒரு நாளிதழ், குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களைப் பற்றிய கட்டுரைக்கு அந்தப் படத்தைப் போட்டது. சட்டையிலிருந்த ஓட்டுநர் எண் துல்லியமாகத் தெரிந்தது. நல்ல கேமரா. அன்று மதியமே பணிமனை மேலாளர், விசாரணை முடியும் வரை வண்டியைத் தொடவேண்டாம் என்று மாப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

தங்கை வீட்டுக் கூடத்தில் ஓரத்தார் சிங்கமாக நின்றார். எல்லோரும் பார்க்க நாளிதழைத் தொலைபேசியில் அழைத்து, யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்று கர்ஜித்தார். எதிர்முனை பதில் சொல்லத் தொடங்கியதும் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நீங்கள் தந்த சொல்லைத்தானே தேடினோம் என்றார்கள் அங்கே. திரும்பி வந்து, திமிர் பிடித்தவர்கள் என்று மட்டும் சொன்னார்.

தங்கை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "நீங்க இருக்கப்போய்த்தான் அண்ணா நான் தைரியமா இருக்கேன்."

தண்ணீர் புரையேறியது. யாரோ நினைக்கிறார்கள் என்று அவளே தலையில் தட்டிவிட்டாள்.

மறுநாள் ஓரத்தாரும் மாப்பிள்ளையும் பணிமனைக்குப் போனார்கள். மேலாளர் நல்ல மனிதர், அதுதான் சங்கடம். படம் எடுத்த அன்று ஓட்டுநர் குடித்திருக்கவில்லை என்று ஓரத்தார் எழுதிக் கொடுத்ததை இரண்டு முறை படித்தார். பிறகு நாளிதழ் அனுப்பியிருந்த படவிவரத் தாளைத் திருப்பிக் காட்டினார்.

"அப்ப இந்த வார்த்தைய யாரு போட்டது?"

"அது மெஷின் தானா போடும் சார்," என்றார் ஓரத்தார்.

அப்படியென்றால் நிறுவனம் அதை எழுத்தில் தரட்டும், இல்லையென்றால் போட்டவர் யாரோ அவர் தரட்டும், காகிதம் கைக்கு வந்த அன்றே வண்டியைக் கொடுத்துவிடுகிறேன் என்றார் மேலாளர்.

நிறுத்தியிருந்த பேருந்துகளுக்கு நடுவே நடந்து வரும்போது மாப்பிள்ளை தான் ஓட்டும் வண்டியின் கதவை ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு, "உங்க மெஷின பாத்தா கேளுங்க மச்சான், என்மேல அதுக்கு என்ன கோபம்னு," என்றார்.

"கோபமெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள."

சொல்லி முடித்த பிறகுதான், யார் சார்பில் பதில் சொன்னோம் என்பது ஓரத்தாருக்கு உறைத்தது. மாப்பிள்ளை மெல்லத் தலையாட்டினார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதைச் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் ஓரத்தார் நாலு வசவு வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார்.

பொய்யான குறிச்சொல் கொடுத்தவர் என்று தெரிந்தால் நிறுவனம் அவர் பக்கத்தையே எடுத்துவிடும். அதில் எழுதியிருந்த வீரத்தில் ஒரு வரிகூட உண்மையில்லை என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. ஆனாலும் விட மனம் வரவில்லை. தங்கை தினமும் அழைத்தாள். நிறுவனத்துக்கு எழுதியாயிற்று, பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்று தினமும் சொன்னார். எழுதவே இல்லை. மாப்பிள்ளை வீட்டில் ஒழுகும் குழாய்களையெல்லாம் சரிசெய்து முடித்து, ஒழுகாதவற்றையும் கழற்றிப் பூட்டத் தொடங்கியிருந்தார். அப்பா விடுமுறையில் இருக்கிறார் என்று மகள் பள்ளியில் சொல்லிவைத்தாள்.

பதினோராம் நாள் தங்கை அழைத்தபோது அழவில்லை. பள்ளி வேன் ஓட்ட ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு மாப்பிள்ளை போய்க் கேட்டாராம். அங்கேயும் அந்தச் செய்தித்தாளை மேசைமேல் வைத்திருந்தார்களாம். சொல்லிவிட்டு, நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

பன்னிரண்டாம் நாள் காலை ஓரத்தார் தனியாகப் பணிமனைக்குப் போனார். மேலாளரிடம் ஒரு தாள் கேட்டு வாங்கினார். அந்தச் சொல்லைப் போட்டது நான்தான், பொய்யென்று தெரிந்தே போட்டேன், மெஷின் என்று உங்களிடம் சொன்னதும் பொய் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.