அப்பாவின் இரண்டு வருடக் கல்லூரியும் எங்கள் வெட்கமும்

எங்கள் அப்பா மன்னாரில் பிறந்து, அங்கேயே ஆங்கில ஆசிரியராக இருந்து, சண்டைக்குள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்து சேர்ந்தார். பகலில் ஒரேத்தோ வீதிக் கட்டடங்களில் மாடிப்படி கழுவினார். பின்னேரங்களில், பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, எங்கள் இளைஞர்களுக்காக, ஓர் அணிக்கு இரண்டு வருடப் படிப்பு என்று ஒரு கல்லூரி நடத்தினார். அதிபரும் ஆசிரியரும் அவரே. பாடம் ஆங்கிலம்.

இத்தாலியில் இத்தாலியன் படிப்பிக்காத கல்லூரி! அம்மா அப்போதே கேட்டார். "இஞ்சையே இருக்கப் போறம்? எல்லாரும் லண்டன், கனடா எண்டு போற ஆக்கள்" என்றார் அப்பா. நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நம்பியிருந்தோம்.

முதல் அணி முடிந்ததும், கெட்டிக்கார மாணவர் ஒருவரை மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு ஹோட்டல் வேலைக்கு அப்பாவே கூட்டிப் போனார். முதலாளி இத்தாலியனில் ஏதோ கேட்டார். இருவருக்கும் விளங்கவில்லை. அப்பா ஆங்கிலத்தில் பேச, முதலாளி சிரித்துக்கொண்டு வாசலைக் காட்டினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "சேர், நாங்கள் இத்தாலியனைப் படிச்சிருக்கலாம், என்ன?" என்று அந்த மாணவர் கேட்டாராம். "ஓம்" என்றாராம் அப்பா.

ஆனாலும், அடுத்த கிழமையே இரண்டாம் அணியைச் சேர்த்து, அதே ஆங்கிலத்தைப் படிப்பித்தார். கோயிலில் "அதிபர் வாறார்" என்று ஆட்கள் எழும்பி இடம் விடுவது அவருக்குத் தேவைப்பட்டது. பெற்ற தகப்பனைப் பற்றி இதை எழுதக் கூசுகிறது. மூன்றாம் அணிக்கு ஒருவரும் வராததால்தான் கல்லூரி மூடப்பட்டது. "அப்பாவுக்கு உடம்பு ஏலாது" என்று நாங்கள் ஊருக்குச் சொன்னோம். அப்போது அவர் நல்ல சுகமாக இருந்தார்.

உண்மையிலேயே வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கையைப் பிடித்தார். "பிள்ளை, பிழை எண்டு தெரிஞ்சுகொண்டுதான் படிப்பிச்சனான். ரெண்டாவது அணிப் பெடியளிட்டை மன்னிப்புக் கேள். என்ரை நினைவு மலரிலை எழுது."

இதை எழுதப் போகிறேன் என்றதும் மாமாவுக்குக் கோபம். "செத்த மனிசனைச் சந்தியிலை நிப்பாட்டுறியே?" என்று கத்தினார். மாமா, இது அப்பா கேட்டது.

பங்குத் தந்தைக்கும், சமைத்துத் தந்த அயலவருக்கும், வேலை வீட்டுச் சின்யோராவிடம் கெஞ்சி லீவு எடுத்து வந்த சகோதரிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இரண்டாம் அணி மாணவர்களே, அப்பாவுக்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வீடு துடைத்தும் கோப்பை கழுவியும் நீங்களாகவே பொறுக்கிப் படித்த இத்தாலியனில்தான் அப்பாவுக்காக டொக்டரிடம் கதைத்தீர்கள். அவருடைய பெட்டியைத் தூக்கியதும் நீங்கள்தான். உங்களுக்கு நன்றி என்று எழுத எனக்கு முகமில்லை.

மூத்த மகள்