மூடாத இடப்பக்கக் கதவு

கிறீச்… டொக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் கிறீச்… டொக்.

இருட்டின பிறகு வீட்டுக்குப் பின்னாலிருந்து இந்தச் சத்தம் முதன்முதலாகக் கேட்ட இரவு, பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த செபத்தையும் வீட்டில் படித்த தேவாரத்தையும் கலந்து சொல்லிக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் போய்ப் பார்த்தால், கொட்டகையில் நின்ற ஜீப்பின் இடப்பக்கக் கதவு காற்றுக்குத் தானாகத் திறந்து தானாக அடித்துக்கொண்டிருந்தது. பேயாக இருந்திருந்தால் மந்திரித்து அனுப்பியிருக்கலாம். இது பூட்டுத் தேய்ந்துபோன கதவு. இதற்கு மந்திரம் கிடையாது.

மலைக்காட்டுப் பாதையில் ஜீப் ஓட்டுவதென்றால் ஸ்டியரிங்கைப் பிடிப்பது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லை, கதவைப் பிடிப்பது.

தெமோதரைக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். பேக்டரி வரைக்கும் தார் ரோடு. அதற்கப்புறம் மேல் டிவிஷனுக்குப் போக, யூக்கலிப்டஸ் என்கிற கருப்பந்தைல மரக்காட்டுக்குள் ஒரு பாதை. பாதை என்று சொல்வது மரியாதைக்குத்தான். மழை பெய்தால் அது ஓடை, மழை விட்டால் கற்குவியல். அரிசி, மாவு, மண்ணெண்ணெய், மருந்து, நோயாளி, பிரேதம் எல்லாம் ஒரே ஜீப்பில்தான் ஏறி இறங்கும். ஜீப் பதுளை டவுனில் கடை வைத்திருக்கும் முதலாளியுடையது. தோட்டத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். அதன் டிரைவர் என் வீட்டுக்காரர். இப்போது நான்.

காட்டுப் பாதையில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்களே, ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு சாயங்காலம் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

கதவைப் பிடிக்கப் போனவர்

காட்டுக்குள் ஒரு வளைவு. அங்கே நின்று டயருக்குச் சங்கிலி சுற்றிக்கொண்டுதான் மேலே ஏற முடியும் என்பதால் அதற்குச் சங்கிலி முடக்கு என்று பேர். அந்த இடத்தில் பாதை இடப்பக்கம் சரிந்திருக்கும். இடப்பக்கம் பள்ளம். ஜீப் சரிந்ததும் அந்தக் கதவு, யாரோ வெளியே நின்று மரியாதையாகத் திறந்துவிட்ட மாதிரி, திறந்துகொள்ளும்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் பக்கத்துச் சீட்டில் மாவு மூட்டை வைத்திருந்தார். கதவு திறந்தது, மூட்டை நழுவியது. கதவை இழுக்க எட்டினார். சில்லு ஒரு கல்லில் ஏறி இறங்கியதில் மூட்டையும் அவரும் ஒன்றாக வெளியே போய் விழுந்தார்கள். ஆளில்லாத ஜீப் மேட்டுப் பக்கம் உருண்டு மண்ணில் முட்டி நின்றது. இடுப்பெலும்பு முறிந்து, பதுளை ஆஸ்பத்திரியில் காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டுப் போட்டிருக்கிறார்கள். முதலாளி பார்க்க வந்தார், தோடம்பழம் கொண்டுவந்தார், கட்டிலோரம் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். பிறகு சொன்னார்: "ஜீப்புக்கு ஒண்ணும் ஆகலையே தம்பி, அதுவே பெரிய காரியம்."

டிரைவர் வரட்டும்

நாங்கள் இருக்கிற வீடு ஜீப் டிரைவருக்குத் தோட்டம் கொடுத்த வீடு. டிரைவர் இல்லையென்றால் வீடு இல்லை. கைப்பிள்ளையோடு நான் எங்கே போவேன்? என் அப்பா பண்டாரவளையில் லொறி வைத்திருந்தவர். கலியாணத்துக்கு முன்பே எனக்கு ஓட்டப் பழக்கி லைசன்சும் எடுத்துக் கொடுத்திருந்தார். என் வீட்டுக்காரர் எழுந்து வரும்வரை நானே ஓட்டுகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அந்தப் பாதைக்கு வேறு எந்த டிரைவரும் வரமாட்டான் என்பதால் சரி என்றார்.

முதல் நாள். உட்காரப் பழகியிருந்த என் மகள் வசந்தியைப் பக்கத்துச் சீட்டில் பழைய சேலையால் சுற்றிக் கட்டினேன். பின்னால் விடலாம் என்றால் மண்ணெண்ணெய்ப் பீப்பா உருளும், மூட்டைகள் சரியும். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஐயா மேல் டிவிஷன் போவதற்காகக் கறுப்புக் குடையும் வெள்ளைக் கோட்டுமாக வந்து ஜீப்பின் அருகில் நின்றார். நான் வலப்பக்கம் ஏறி எஞ்சினைக் கிளப்பினேன். அவர் ஏறவில்லை. பேக்டரிப் பக்கம் எட்டிப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். கடைசியில் பொறுமையிழந்து என்னிடம் சொன்னார்: "எஞ்சின அணைச்சிட்டு எறங்கி நில்லுங்கம்மா, எண்ணெய் வீணாப் போகுது. டிரைவர் வரட்டும்."

கயிறு

அந்த வாரமே பதுளைக்குப் போய் முதலாளியின் கடையில் நின்றேன். கதவுக்குப் பூட்டு மாற்றித் தாருங்கள், பிள்ளை அந்தப் பக்கம்தான் உட்காருகிறது என்றேன். அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து வெளிநாட்டுச் சாமான் எதுவும் வருவதில்லை, ஒரு ஸ்க்ரூவுக்குக் கூடக் கொழும்பில் தவம் கிடக்க வேண்டியிருக்கிறது என்றார். அது உண்மைதான், மறுக்கவில்லை. அப்படியானால் இங்கேயே ஒரு கொல்லனிடம் கொடுத்து எதையாவது செய்யுங்கள் என்றேன். கடைப் பையனைக் கூப்பிட்டு, சாக்குக் கட்டுகிற தும்புக் கயிற்றில் ஒரு துண்டு வெட்டிக் கொடுக்கச் சொன்னார்.

கயிறு மழையில் நனைந்தால் இறுகும், காய்ந்தால் தொய்யும், குலுக்கலில் அவிழும் என்றெல்லாம் விளக்கினேன். வாசலில் நின்ற ஜீப்பின் கதவை ஒரு விரலால் தள்ளி மூடிக் காட்டினார். சமதரையில் அது மூடித்தான் நின்றது. "பாருங்க, மூடித்தானேம்மா இருக்கு? நீங்க தொறக்காம இருந்தா அது ஏன் தொறக்கப் போகுது?"

பிள்ளைக் காம்பரா

கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போக ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு பிள்ளைக் காம்பரா உண்டு. தொட்டில் உண்டு, ஆயா உண்டு, பாலும் உண்டு. அந்தப் பால்மாவை மேல் டிவிஷனுக்கு ஏற்றிக்கொண்டு போவது யார்? நான். பால்மா ஒரு பக்கம், என் பிள்ளை ஒரு பக்கம். பிள்ளைக் காம்பராவின் வாசலில் பால்மா இறங்கும். என் பிள்ளை இறங்காது.

ஆயா நல்லவள். "குடுத்துட்டுப் போங்கம்மா, ஒண்ணோட ஒண்ணா கெடக்கட்டும்" என்று கையை நீட்டினாள். அதற்குள் கிளாக்கர் ஐயாவுக்குச் செய்தி போய்விட்டது. ஆபீசுக்கு வரச் சொன்னார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் மலைக்குப் போய்விடுகிறார்கள், பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இல்லை, அந்தக் கதவோ மூடாது என்று சொன்னேன். கெஞ்சினேன் என்றே எழுதுகிறேன், எனக்கென்ன வெட்கம்? அவர் பேனாவை மூடினார். விடியற்காலையில் தொழிலாளரை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிறார்களே, அந்தப் பெரட்டைப் பற்றிப் பேசினார். "பெரட்டுல பேர் கூப்புடுற ஆளோட பிள்ளைக்குத்தாம்மா பிள்ளைக் காம்பரா. உங்க பேரை எந்தப் பெரட்டுல கூப்புடுறாங்க, சொல்லுங்க பாப்போம்?"

சங்கிலி முடக்கில்

இதை எழுதும்போது பேனா முனை தாளைக் கிழிக்கிறது. பயத்தில் என்று நினைக்காதீர்கள்.

இரவெல்லாம் மழை பெய்திருந்தது. சங்கிலி முடக்கில் நிறுத்தி, சேற்றில் முழங்கால் போட்டு நானே டயருக்குச் சங்கிலி சுற்றினேன். அட்டை காலில் ஏறியது, பிடுங்கி எறிய நேரமில்லை. மேல் டிவிஷன் போக ஏறியிருந்த கிளாக்கர் ஐயா உள்ளே வசந்தியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் ஏறி உட்கார்ந்தபோது, கதவைக் கட்டியிருந்த கயிறு கீழே கிடந்தது. கோட்டில் கறை பிடிக்கிறதாம், அவிழ்த்துவிட்டார். "நான் கதவைப் புடிச்சுக்கிறேன், நீங்க எடுங்க" என்றார். அந்த இடத்தில் பேச்சு வளர்த்துக்கொண்டு நிற்க முடியாது, சில்லு வழுக்கத் தொடங்கிவிடும். எடுத்தேன்.

ஜீப் சரிந்தது. கதவு திறந்தது. கிளாக்கர் ஐயாவின் ஒரு கையில் கதவு, ஒரு கையில் பிள்ளை, முழங்காலில் குடை. குடை நழுவியது. அவர் குடையைப் பிடிக்கக் கையை நீட்டினார். எந்தக் கையை என்று கேட்காதீர்கள். என் பிள்ளை அவர் மடியிலிருந்து சறுக்கி, கதவு இருக்க வேண்டிய இடத்துக்குப் போனது. கியரை விட்டுவிட்டு அதன் சட்டையின் முதுகைப் பற்றினேன். நான் தைத்த சட்டை. மடத்தில் சிஸ்டர் பிரித்துப் பிரித்து மறுபடி தைக்கவைத்த இரட்டைத் தையல். அது தாங்கியது. பிள்ளையின் காலுக்குக் கீழே பனியும், பனிக்குள் மரங்களின் உச்சியும் தெரிந்தன. இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். வசந்தி அழவில்லை, ஏதோ விளையாட்டென்று சிரித்தது. நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. கிளாக்கர் ஐயா பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "குடை கீழ விழுந்திருச்சேம்மா. கொஞ்சம் பின்னால எடுங்க, பாத்துக்கிடுவோம்."

பாக்கியம்

சீமாட்டி என்பவள் வண்டிக் கதவை இன்னொருவர் திறந்துவிடும்வரை காத்திருக்க வேண்டும் என்று மடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். மூடாத கதவைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. பாக்கியத்துக்குத் தெரிந்திருந்தது.

பாக்கியம் மேல் டிவிஷனில் கொழுந்தெடுக்கிறவள். ஒரு பகல் அவளுக்குப் பிரசவ நோவு கண்டு, மருத்துவச்சியும் ஊரில் இல்லாமல், ஜீப்பில் ஏற்றினார்கள். பின்படியில் அவள் புருஷன் கையில் ஒரு கல்லோடு நின்றான். ஜீப் வழுக்கினால் குதித்துச் சில்லுக்கு அண்டை கொடுக்க. பாக்கியம் முன்னால் என் பக்கத்தில். வசந்தியை எங்கே வைப்பது என்று நான் தடுமாற, மிச்சமிருந்த மடியில் அவளே வாங்கி வைத்துக்கொண்டாள். இடக்கையை ஜன்னலுக்கு வெளியே விட்டுக் கதவை அக்குளில் இடுக்கினாள். நோவு வரும்போதெல்லாம் பல்லைக் கடிக்கிற சத்தம் எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்டது. கை மட்டும் தளரவில்லை. நான் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் இறக்கிய கொஞ்ச நேரத்தில் அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. ஆனால் என் காதில் நிற்பது சங்கிலி முடக்கில் அவள் சொன்னதுதான்: "நீங்க ரோட்டப் பாருங்கக்கா. கதவு எங்கயும் போவாது."

நிறைமாத வயிற்றோடு ஒருத்தி செய்ததை, கோட்டும் குடையுமாக ஒருவர் செய்யவில்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

துண்டு

தோட்டத்து ஆசாரியிடம் போனேன். ஜீப் கதவுக்கு உள்பக்கமாக ஒரு தாழ்ப்பாள் அடித்துத் தாருங்கள் என்றேன். ஆபீசிலிருந்து அனுமதித் துண்டு எழுதி வாங்கிவரச் சொன்னார். ஆபீசில், ஜீப் தோட்டத்துடையது அல்ல, முதலாளியைக் கேள் என்றார்கள். முதலாளி, பூட்டைத் தேய்த்தது தோட்டத்துப் பாதை, தோட்டத்தைக் கேள் என்றார். திரும்பி வந்து ஆசாரியின் பட்டறையில் நின்று கத்தினேன். ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டு, நிஜமான வருத்தத்தோடு சொன்னார்: "உங்க வீட்டுக் கதவுன்னா இப்பவே வந்து செஞ்சிருவேன்ம்மா. வீடு தோட்டத்து வீடு, அது தோட்டத்துக் கதவு."

தாழ்ப்பாள்

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டு வாசற்கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தேன். வெள்ளைக்காரன் காலத்துப் பித்தளை, என் சுண்டுவிரல் தடிமன். என் வீட்டுக்காரருடைய ஸ்க்ரூடிரைவரால் கழற்றினேன். ஜீப் கதவின் தகட்டிலும் பக்கத்துத் தூணிலும் ஆணியும் சுத்தியலும் வைத்து ஓட்டை போட்டேன். நட்டு போதவில்லை. பின்பக்க நம்பர் பிளேட்டைக் கம்பியால் கட்டிவிட்டு அதிலிருந்த நட்டுகளை எடுத்து முறுக்கினேன். கட்டைவிரல் கிழிந்தது. தாழ்ப்பாள் தூணுக்குள் போய் உட்கார்ந்தது. தோளால் மோதிப் பார்த்தேன். அசையவில்லை.

சுத்தியல் சத்தம் கேட்டுக் கிளாக்கர் ஐயா வந்தார், புதுக் குடையோடு. குனிந்து உள்ளே பார்த்தார். தோட்டத்துப் பித்தளையை அடையாளம் கண்டுகொண்டார். நான் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு கதவைப் பற்றிக் கவலைப்பட்டார். "ஏம்மா, இது வீட்டுத் தாழ்ப்பாளாச்சே! பொம்பளை ஆளு, கைப்புள்ளையோட, ராத்திரிக்குக் கதவைத் தொறந்து போட்டுட்டா இருப்பீங்க?"

வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, துண்டு எழுதித் தாருங்கள் என்று நாளை காலை ஆபீஸ் வாசலில் போய் நிற்பேன். எழுதித்தான் ஆகவேண்டும். அது தோட்டத்துக் கதவு.

ஆனால் இது இன்றிரவு. கிறீச்… டொக். இப்போது அந்தச் சத்தம் வீட்டிலிருந்து வருகிறது. நாற்காலியை அண்டை கொடுத்துப் பார்த்தேன், காற்று தள்ளிவிடுகிறது. ஊரே அரை வயிறாகக் கிடக்கிற காலம். போன வாரம் அடுத்த வீட்டில் கோழியும் மரவள்ளிக் கிழங்கும் ஒரே இரவில் போயின. கதவு ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் யாரோ உள்ளே வந்துவிட்டதாக எழுந்து எழுந்து பார்த்தேன். விளக்கையும் போர்வையையும் இந்தத் தாள்களையும் எடுத்துக்கொண்டு, தூங்குகிற வசந்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிட்டேன். ஜீப்பின் வலப்பக்கக் கதவுக்கும் பின்கதவுக்கும் சாவி உண்டு. உள்ளே மண்ணெண்ணெய் நாற்றம். பிள்ளை முகம் சுளித்தது, மறுபடி தூங்கிவிட்டது.

மலைக்காட்டில் ஜீப் ஓட்டி நான் கண்ட சொத்து, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட முடிகிற ஒரே ஒரு கதவு, இதோ, போட்டுவிட்டேன்.