நான் கேட்காமல் விட்ட கதை

இதை எழுத எனக்கு நான்கு வருஷம் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மன் முன்னால் நின்று, "இந்த வாரம் எழுதிவிடுகிறேன் தாயே" என்று சொல்வேன். அடுத்த வெள்ளியும் அதையே சொல்வேன். நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு தேதி மட்டும் போட்டு மூடிய நாள்கள் நிறைய. எனக்குப் பெரிய எழுத்தெல்லாம் வராது. நடந்ததை நடந்தபடி சொல்லத் தைரியம் வேண்டும் என்றுதான் இத்தனை நாள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். கல்யாணமாகி, மகள் பிறந்து, அவள் பால்வாடிக்குப் போகத் தொடங்கிய பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. ஆங்கிலம் படித்தேன். அப்புறம் பஸ்ஸில் போய் வந்து புதுக்கோட்டையில் பி.எட். முடித்தேன். பள்ளிக்கூட வேலை அமையவில்லை. ஊரடங்குக்குப் பிறகு, கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் சொல்லித்தரும் ஒரு கம்பெனியில் பதிந்துகொண்டேன். சான்றிதழை ஒவ்வொன்றாக கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டச் சொன்னார்கள். சரிபார்த்த பிறகு என் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சை டிக் விழுந்தது. தகுதி பெற்ற ஆங்கில ஆசிரியர் என்று அதற்கு அர்த்தம். அன்றைக்கு முழுக்க அந்தப் பச்சையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே கிண்டல். "டீச்சரம்மா, இனிமே சாமிகிட்டயும் இங்கிலீஷ்லதான் பேசுவீங்களோ? அம்மனுக்குப் புரியுமான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

"அம்மனுக்குப் புரியும். ஒங்களுக்குத்தான் புரியாது" என்றேன்.

திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை கொண்ட வீடு எங்களுடையது. முன்னறையில் லேப்டாப். அடுப்படி மூலையில் சாமி அலமாரி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேற்றாமல் நான் இருந்ததில்லை. காய்ச்சலில் படுத்திருந்தபோதும் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் ஏற்றியிருக்கிறேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கம்பெனியில் கொடுத்த வகுப்புகளில் ஒன்று ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரை. மஸ்கட்டில் இருந்த ஒன்பது வயதுப் பெண்பிள்ளை. அம்மா அங்கே நர்ஸ். சொந்த ஊர் ஆலங்குடிப் பக்கம். "நம்ம ஊரு மிஸ்ஸா பாத்துத்தான் போட்டேன் மிஸ்" என்று முதல் நாளே சொன்னார். அப்பாவுக்கு இரவு வேலை, அதனால் வகுப்பு நேரத்தில் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருப்பார். பிள்ளை தனியாக உட்கார்ந்து படிக்கும். முன்பல் ஒன்று விழுந்து அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. திரையில் வந்ததும் முதலில், "மிஸ், சாப்டீங்களா?" என்று கேட்கும். அந்த ஒரு வாக்கியம்தான் தமிழில். மற்றதெல்லாம் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்று அம்மாவின் கட்டளை, ஆனாலும் நடுவில் தமிழ் நழுவி விழும்.

ஆறு மணிக்கு விளக்கேற்ற வேண்டுமே, வகுப்பை விட்டு எழுந்து போகக் கூடாதே என்று யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆறு அடித்ததும் "சொந்தக் கதை நேரம்" என்று வைத்தேன். பிள்ளை ஐந்து நிமிஷம் தானாக ஒரு கதை சொல்ல வேண்டும். "மிஸ் எந்திரிச்சு நடந்துக்கிட்டே கேப்பேன். என் மூஞ்சியப் பாத்தா ஒனக்குக் கூச்சமா இருக்கும்ல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். பிள்ளையின் குரல் அங்கே வரை வந்தால் எனக்கு ஸ்லோகம் மறந்துபோகும். அதனால் போகும்போது பிள்ளை பக்கத்து மைக்கை மியூட் செய்துவிடுவேன். அந்தப் பொத்தான் ஆசிரியர் கையில்தான் இருக்கும்.

முதல் நாள் நான் திரும்பி வந்து மைக்கைத் திறந்ததும் பிள்ளை கேட்டது. "மிஸ், மைக் ரெட் ஆயிடுச்சு. கேன் யூ ஹியர் மீ?"

"அது அப்படித்தான்டா வரும். மிஸ்ஸுக்கு எல்லாம் கேக்குது" என்றேன்.

பிள்ளை நம்பியது. அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள், இரண்டு மாதத்துக்கு மேல், சிவப்பு மைக்கைப் பார்த்துக்கொண்டே கதை சொன்னது. நான் குங்குமத்தோடு வந்து உட்கார்ந்து "வெரி குட்" சொன்னேன்.

கடைசி வகுப்பு ஒரு வெள்ளிக்கிழமை. படம் வரைகிற நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தது. "மிஸ், டுடே லாங் ஸ்டோரி. ஃபைவ் மினிட்ஸ் பத்தாது." வெள்ளிக்கிழமை எனக்கும் பூஜை கூடுதல். சரி, எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள் என்று தாராளமாகச் சொல்லிவிட்டுப் போனேன். வந்தபோது பிள்ளை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது.

"எக்ஸலண்ட்! பியூட்டிஃபுல் ஸ்டோரி" என்றேன்.

"மிஸ், விச் பார்ட் யூ லைக்?"

இதுவரை அப்படிக் கேட்டதில்லை. வாய்க்கு வந்தபடி, "தி எண்டிங்" என்றேன்.

அந்த முகம் அப்படியே மலர்ந்தது. "எனக்கும் அதான் மிஸ்."

அடுத்த வகுப்புக்கு வரவில்லை. "மாணவர் வரவில்லை" என்ற பொத்தானை அழுத்தினேன். அதற்கடுத்த வகுப்புக்கும் அழுத்தினேன். மூன்றாவது வகுப்பு நாளில் அந்த அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. மூளைக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் நான்கு நாள். பிள்ளை போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மா கூப்பிட்டார். குரல் அடங்கிப்போயிருந்தது.

"மிஸ், ஒரு ஒதவி. கடைசியா அவ ஒங்கள்ட்ட ஒரு கதை சொன்னாளாம்ல. நீங்க எக்ஸலண்ட்னு சொன்னீங்களாம். டியூட்டி முடிஞ்சு வந்ததும் அதையேதான் பேசிக்கிட்டிருந்தா. என்ன கதைடின்னு கேட்டேன். நாளைக்கு ஒனக்கு லீவுதான, படத்தோட ஒக்காந்து சொல்றேன்னா. விடிஞ்சா காய்ச்சல். படம் இருக்கு மிஸ். கதைதான் எங்கிட்ட இல்ல."

"பாக்குறேம்மா" என்றேன்.

"ரெக்கார்டிங் இருக்கும்ல?"

"பாக்குறேம்மா."

நோட்டுப் படங்களை போனில் அனுப்பிவைத்தார். நான்கு பக்கம். ஒரு ஆடு. ஒரு கிணறு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குடை. கடைசியில் ஆளே இல்லாத ஒரு பஸ்.

மறுநாள் மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, அந்த வகுப்பின் பதிவைத் திறந்தேன். என் பாதித் திரையில் காலி நாற்காலி. மறு பாதியில் பிள்ளை. உதடு அசைகிறது. சத்தம் இல்லை. மியூட் செய்தால் பதிவிலும் குரல் விழாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் மைக் திறந்தே இருந்ததால், அடுப்படியில் நான் ஸ்லோகம் சொல்வது லேசாகக் கேட்கிறது. பிள்ளை நோட்டைத் தூக்கிக் காட்டுகிறது. கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறது. கிணற்றுப் படம் வந்ததும் நிறுத்தி, கேமராவைப் பார்த்து ஏதோ கேட்கிறது. பதிலுக்குக் காத்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து உள்ளே நான் மணி அடிக்கிறேன். பிள்ளை மணியைக் கேட்டு, நான் பதில் சொல்லிவிட்டதுபோல் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்புகிறது.

எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. உதட்டைப் பார்த்து ஒரு வார்த்தையாவது பிடிக்க முடியுமா என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். "மிஸ்" என்று சொல்கிற இடம் மட்டும் தெரிந்தது. வேறு எதுவும் பிடிபடவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை. "அந்தம்மாகிட்ட இதச் சொல்லாத. ரெக்கார்டிங் அழிஞ்சுபோச்சுன்னு சொல்லிரு. ஏற்கெனவே செத்துக்கெடக்குற மனுசிய இன்னும் ஏன் கொல்லணும்?" என்றார்.

அப்படியே அந்த அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். அதோடு நின்றிருந்தால் ஒரு பொய்யோடு போயிருக்கும். அந்த அம்மா மறுபடி கூப்பிட்டு, "அழிஞ்சா போகட்டும் மிஸ். நீங்க கேட்டீங்கல்ல, ஒங்களுக்கு ஞாபகம் இருக்கும்ல, அதச் சொல்லுங்க" என்றார். படம் நான்கும் என் கண் முன்னால் இருந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது. ஒரு ஆட்டுக்குட்டி மழையில் வழி தவறிக் கிணற்றில் விழுந்துவிட்டதாம். ஒரு சின்னப் பிள்ளை சாமியை வேண்டிக்கொண்டு, இரண்டு குடையைக் கயிற்றில் கட்டி இறக்கி அதைத் தூக்கியதாம். அப்புறம் எல்லோரும் பஸ் ஏறி அவரவர் வீடு போய்ச் சேர்ந்தார்களாம். அதனால்தான் பஸ் காலி.

"மெதுவா சொல்லுங்க மிஸ், எழுதிக்கிறேன்" என்றார் அந்த அம்மா. பேனா தேய்கிற சத்தம் எனக்குக் கேட்டது. முடித்ததும், "எல்லாரும் வீடு போய்ச் சேந்துட்டாங்களா மிஸ்?" என்று கேட்டுவிட்டு அழுதார். ஆமாம்மா என்றேன்.

வருஷ திதிக்குக் கூரியரில் ஒரு சிறு புத்தகம் வந்தது. பிள்ளையின் படங்களை வண்ணத்தில் அச்சடித்து, கீழே நான் சொன்ன கதையைப் போட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில், கதையைக் கேட்டுச் சொன்ன ஆசிரியைக்கு நன்றி என்று இருந்தது. என் மகள் அதை எடுத்து வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏம்மா, இது சின்னதுல எனக்கு நீ சோறு ஊட்டயில சொன்ன ஆட்டுக்குட்டி கதைல்ல? குடையும் பஸ்ஸும் மட்டும் புதுசா இருக்கு."

"ஒனக்கு என்ன தெரியும், போடி அங்கிட்டு" என்று கத்திவிட்டேன். அவள் பயந்துபோனாள்.

அதற்குப் பிறகு என்னால் மணி அடிக்க முடியவில்லை. விளக்கு ஏற்றுவேன், மணியைத் தொட்டால், தலையாட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிற பிள்ளை வந்து நிற்கும். திருவரங்குளம் கோயிலுக்குப் பிரதோஷத்துக்குப் போனால் இன்னும் மோசம். சன்னிதியில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் உதடு அசையும், சத்தம் வராது. நமக்கு அது சாதாரணம். வாய்க்குள் வேண்டிக்கொள்வது எல்லோரும் செய்வதுதானே. எனக்கு மட்டும் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் அந்தத் திரைக்குள் இருப்பதுபோல் தோன்றும். ஒருமுறை நெரிசலை விலக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்து, செருப்பைக்கூடப் போடாமல் பஸ் ஏறிவிட்டேன். வகுப்பில் எந்தப் பிள்ளையாவது பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தால், கேட்டது என்ன என்று தெரிந்திருந்தும் "இன்னொரு தடவ சொல்லுடா" என்பேன். பல பிள்ளைகள், இந்த மிஸ்ஸுக்குக் காது கேட்காது என்று நினைத்திருக்கும்.

போன பங்குனியில் அந்த அம்மா ஊருக்கு வந்தவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். பேரீச்சம்பழப் பொட்டலம் ஒன்றும், அந்தப் புத்தகத்தில் இன்னும் இரண்டும் கொண்டுவந்திருந்தார். "திரும்பவும் அச்சடிக்கப்போறோம் மிஸ். ஒங்க கையால ரெண்டு வரி எழுதித் தாங்க" என்றார். காப்பி கலக்க அடுப்படிக்குப் போனேன். சாமி அலமாரிக்கு முன்னால் நின்றேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. காப்பி இல்லாமலேயே வெளியே வந்து, லேப்டாப்பைத் திறந்து, பதிவைப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். மியூட் செய்ததை, சிவப்பு மைக்கைப் பற்றிப் பிள்ளையிடம் சொன்ன பொய்யை, ஆட்டுக்குட்டி என் மகளுடைய கதை என்பதை.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்த இடத்தில் மட்டும் கேட்டார்.

"இது என்ன சத்தம்?"

"சாமிக்கு மணி அடிச்சேன்."

பிள்ளை சொல்லி முடித்தது. திரையில், நான் குங்குமத்தோடு வந்து உட்கார்ந்து எக்ஸலண்ட் சொன்னதோடு அவரே அதை நிறுத்தினார்.

"அப்ப அவ யார்ட்ட சொன்னா மிஸ்?"

சாமி கேட்டிருக்கும் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அதையும் சொல்லியிருந்தால் அந்தத் தாய்க்கு நான் கட்டிவிட்ட இரண்டாவது கதையாக அது ஆகியிருக்கும்.

அவர் அந்தப் பதிவைப் பென்டிரைவில் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக்கொடுத்தேன். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

"அந்தப் புத்தகத்த எவ்வளவோ பேருக்குக் குடுத்துட்டேன். அவ பள்ளிக்கூடத்துக்கு, சொந்தக்காரங்களுக்கு, அன்னதானத்துக்கு வந்தவுகளுக்கு. ஒருத்தர் விடாம வாசிச்சுட்டு அழுதாக. நான் ஒவ்வொரு வீடா போயி இது எம்புள்ள சொன்னது இல்லைன்னு சொல்ல முடியுமா? நீங்க எழுதுங்க. சொன்னது நீங்கதான."

அதனால்தான் இப்போதாவது எழுதியிருக்கிறேன். ஆலங்குடிப் பக்கமும் புதுக்கோட்டைப் பக்கமும், வெளிநாட்டிலும், அந்தச் சிறு புத்தகம் யார் வீட்டில் இருந்தாலும், படங்களை வைத்துக்கொள்ளுங்கள். அவை அந்தப் பிள்ளை வரைந்தவை. கீழே இருக்கிற எழுத்து அவளுடையது இல்லை. அவள் சொன்ன கதையை யாரும் கேட்கவில்லை. படிக்கிற நீங்கள் தயவுசெய்து இதை நாலு பேருக்கு அனுப்புங்கள், அந்தப் புத்தகம் வைத்திருக்கிற ஒருவர் கைக்காவது போய்ச் சேரட்டும். அனுப்பும்போது இரக்கப்பட்டு எதையும் மாற்றிவிடாதீர்கள். கரண்ட் போய்விட்டது, மைக் கெட்டுப்போய்விட்டது என்று எனக்காக ஒரு வரி சேர்க்க வேண்டாம். அந்தப் பிள்ளையின் கதை இப்படித்தான் இருந்திருக்கும் என்று யாரும் சொல்லிப்பார்க்கவும் வேண்டாம். இருக்கிறபடியே அனுப்புங்கள்.