துபாயில் ஒரே ஒரு வாசகி

போன மாதம் ஒரு பாதிரியாரின் செல்வாக்கை அளக்கும் வேலை எனக்கு வந்தது. உனக்கேன் இந்த வேலை என்கிறீர்களா? கேளுங்கள்.

துபாயில் அல் கூஸ் பக்கம் எங்கள் ஆபீஸ். நான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். அக்கவுன்ட்ஸில் இருக்கும் ஜுஜானா ஸ்லோவாக்கியாக்காரி. அவள் ஊர்ப் பாதிரியார் வாராவாரம் தன் பிரசங்கத்தை இரண்டே விரலால் டைப் அடித்து இணையத்தில் போடுகிறார். உள்ளூர்க்காரர்கள் சர்ச்சிலேயே கேட்டுவிடுவார்கள் — இது வெளிநாடு போனவர்களுக்காக. வயதாகிவிட்டது, கண்ணும் சரியில்லை. “யாராவது படிக்கிறார்களா, பார்த்துச் சொல். இல்லையென்றால் இந்த மாதத்தோடு நிறுத்திவிடுகிறேன்” என்று அவளுக்கு மெயில் அனுப்பிவிட்டார்.

அவள் என்னிடம் வந்தாள். நான் அந்தத் தளத்தில் ஒரு கவுன்ட்டரை மாட்டினேன். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் என்று சொல்லிவிடும். ஒரே ஆள் நூறு தடவை தட்டி ஏமாற்றக் கூடாதே... அதனால் ஒரு கனெக்‌ஷனுக்கு ஒரு ஆள் என்று செட் பண்ணினேன். என்ன ஒரு சாமர்த்தியம்!

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் — துபாய்: ஒன்று. வேறு எந்த ஊரும் இல்லை.

ஜுஜானா ஸ்கிரீனில் அந்த ஒன்றின் மேல் விரலை வைத்தாள்.

“அது நான்தான்” என்றாள். “அதைப் படிச்சாத்தான் ஊருக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கும். இனிமே அதுவும் இல்லையா?”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஒரே சங்கடம். அளக்காமலே இருந்திருக்கலாம்.

சாயங்காலம் ஷார்ஜா முவைலாவில் இருக்கும் என் ரூமுக்குத் திரும்பினேன். நெட் நகரவே இல்லை. ரூம்மேட் காதர் பாய் — காயல்பட்டினத்துக்காரர் — கட்டிலில் இருந்தபடியே குரல் கொடுத்தார்.

“யாருப்பா அது படம் இறக்குறது? எட்டுப் பேருக்கும் ஒரே கனெக்‌ஷன்ப்பா. மத்தவனும் புள்ளைங்க மூஞ்சியப் பாக்கணும்ல?”

எனக்குச் சுரீர் என்றது. என் கவுன்ட்டருக்கு இந்த எட்டுப் பேரும் ஒரே ஆள்!

மறுநாள் முதல் வேலையாக ஜுஜானாவைப் பிடித்தேன்.

“உங்க வீட்டு நெட் யாரோடது?”

“எல்லாருக்கும் பொது. என்கூட இருக்கிறவங்க எல்லாம் எங்க ஊர்ப் பக்கத்து ஏர்ஹோஸ்டஸ் பொண்ணுங்க. எதிர் ஃபிளாட்டுக்கும் ஜன்னல் வழியா ஒயர் போகுது. ஏன்?”

“அவங்களும் படிக்கிறாங்களா?”

“தெரியல... கேட்டதில்லையே.”

எப்படிக் கேட்பாள்? ஒருத்தி டியூட்டி முடிந்து வரும்போது இன்னொருத்தி பெட்டியோடு கிளம்பிக்கொண்டிருப்பாள். வெள்ளைக்காரர்கள் ஆனால் என்ன, வளைகுடா வாழ்க்கை எல்லோருக்கும் ஒன்றுதானே?

வெள்ளிக்கிழமை கதவு கதவாகத் தட்டிக் கேட்டிருக்கிறாள். “நீயுமா?”, “நீயுமா?” — அன்று முழுக்க அந்த வீட்டில் இதே பேச்சாம். ஒரே கூரையின் கீழ் ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் படிப்பதாக நினைத்திருக்கிறாள். எதிர் ஃபிளாட்டிலும் அதே கதை. செல்வாக்கை நம்பரில் பார்க்கலாம் என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

எல்லோரும் பெயரைப் போட்டுப் பாதிரியாருக்கு மெயில் அனுப்பினார்கள். ஒயர் விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிட்டார்கள். நேற்று பதில் வந்தது. ஜுஜானா ஓடி வந்து எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்.

“அப்படியானால் எழுதுகிறேன். அந்த ஒயரை மேல் மாடிக்கும் கொஞ்சம் இழுத்துவிடுங்கள்.”