மூன்றாவது வரிசையில் இருந்து

வீரணன் முப்பத்தொரு வருஷம் மதுரை–மேலூர் பஸ் ஓட்டினார். ஓட்டிய தூரத்தைக் கூட்டினால் உலகத்தையே பல சுற்று சுற்றியிருப்பார். ஆனால் மேலூரைத் தாண்டி ஊர் பார்த்ததில்லை. இப்படியும் ஒரு பிழைப்பு.

ரிட்டையர் ஆனதும் கன்னியாகுமரியில் தொடங்கி ஊர் ஊராகப் போவது, போட்டோ எடுப்பது என்று அவரும் மனைவி ஒச்சாயியும் திட்டம் போட்டிருந்தார்கள். "அப்பவாச்சும் ஒரு சீட்டுல சேந்து உக்காருவமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தவள், அவர் ரிட்டையர் ஆக எட்டு மாதம் இருக்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆனையூர் வீட்டில் ஒரு வருஷம் தனியாகப் பொங்கித் தின்றார். பேச ஆளில்லாமல் டிவியோடு சண்டை போட்டார். பிறகு ஒருநாள், நாம் மட்டுமாவது போவோம் என்று கேமரா வாங்கக் கிளம்பினார்.

டவுன் ஹால் ரோட்டுக் கடையில் தமிழ்வாணி என்ற பெண் மூன்று கேமராக்களை எடுத்து வைத்தாள். ஒன்று நல்ல கனம்; லென்சை மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

"புதுசாப் பழகுறவுகளுக்கு இது வேணாங்கய்யா. ஊரு ஊரா தூக்கிட்டு அலைய முடியாது."

மற்ற இரண்டும் கைக்கு அடக்கம். அதில் ஒன்றின் திரையை முன்பக்கம் திருப்பலாம்.

"கூட யாரு வாராங்க?"

"யாருமில்ல தாயி."

"அப்ப இதான் சரி. உங்களை நீங்களே பாத்து எடுத்துக்கலாம்."

வீரணன் கேமராவை நீட்டிப் பிடித்துத் திரையைப் பார்த்தார். சாய்த்தார், இன்னும் கொஞ்சம் சாய்த்தார், அமுக்கினார். படத்தில் அவர் காது மட்டும் இருந்தது. மீதியெல்லாம் பின்னால் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள்.

"உங்க மூஞ்சியே விழலையேய்யா!" என்று சிரித்தாள்.

டிரைவர் தலைக்கு மேலே கண்ணாடி எதற்கு, முகம் பார்க்கவா? பின்னால் பார்க்கத்தான். வாரம் ஒருமுறை மேலூரில் இருந்த தன் தங்கச்சி வீட்டுக்கு ஒச்சாயி அவர் பஸ்ஸில்தான் வருவாள். மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். ஓட்டும்போது பேசக்கூடாது, அதனால் கண்ணாடியிலேயே முறைப்பாள், கண்ணாடியிலேயே சிரிப்பாள். வீட்டில்கூட அவர்கள் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை.

இந்தத் திரையிலோ பின்னால் அட்டைப்பெட்டிகள்தான். கேமராவைக் கீழே வைத்தார்.

"திரை திரும்பாததக் குடு தாயி."

"அப்ப உங்களை யாரு எடுப்பா?"

பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் காலை கன்னியாகுமரி பஸ்ஸில் கூட்டமில்லை. கால் தானாக மூன்றாவது வரிசைக்குப் போனது. ஜன்னலோரம் உட்கார்ந்து பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். எதிரே டிரைவரின் கண்ணாடி. அந்த இளவட்டத்தின் கண்கள் அதில் ஒரு கணம் அவரைப் பார்த்தன. உடனே ரோட்டுக்குத் திரும்பிவிட்டன. அப்புறம் திருமங்கலம் தாண்டும்வரை பார்க்கவே இல்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறவன் வேறென்ன செய்வான்? அவரும் அப்படித்தான் ஓட்டினார்.

கேமராவை எடுத்து அந்தக் கண்ணாடியைப் படம் பிடித்தார். வாங்கிய கேமராவில் அவர் எடுத்த முதல் படம் அதுதான். அதில் டிரைவரின் இரண்டு கண்களும் கொஞ்சம் நெற்றியும் மட்டும் இருந்தன.

"இத்தன வருசமும் என்னய இம்புட்டுத்தானாடி பாத்த?" என்று பக்கத்தில் திரும்பிக் கேட்டார்.

சீட்டில் அவருடைய பைதான் இருந்தது.