இடது சக்கரத்தின் ஓங்காரம்

போன வாரம் என் மாமனாரிடம் மலை பேசியது.

சிரிக்காதீர்கள்... அவர் அப்படித்தான் சொன்னார். மூட்டு வலியால் நடக்க முடியாது. கூட்டமில்லாத நாளாகப் பார்த்து, மாதம் ஒரு முறை என் காரில்தான் அவருக்குக் கிரிவலம். அடி அண்ணாமலை பக்கம் ரோடு வலது புறமாக வளைகிறபோது திடீரென்று கண்ணை மூடிக் கைகூப்பினார்.

"மாப்ள, கேக்குதா? ஓம்..."

கேட்டது. காருக்கு அடியிலிருந்து 'ஊம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். அது மலையிலிருந்து வரவில்லை, என் வண்டியிலிருந்துதான் வருகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்து மூன்று வாரம் ஆகிறது!

முதலில் டயர் சத்தம் என்றேன். பிறகு ரோடு சரியில்லை என்றேன். மனைவி, "என்னங்க, சத்தம் ஜாஸ்தியாவுது" என்றபோதெல்லாம் பாட்டை இன்னும் சத்தமாக வைத்தேன். நம்மில் பாதிப் பேர் இப்படித்தானே? பல்வலிக்குக் கிராம்பு, கார் வலிக்கு எஃப்.எம்.

மாமனாரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கலெக்டர் ஆபீசில் ஃபைல் பார்த்தே ரிட்டயர் ஆனவர், எதையும் லேசில் நம்பாதவர், அப்படி உருகிப்போய் உட்கார்ந்திருக்கிறார். எப்படிச் சொல்வது? "கேக்குது மாமா" என்றேன். வீடு திரும்புவதற்குள் நான்கு சொந்தக்காரர்களுக்கு ஃபோன் போய்விட்டது.

வம்பு அதன் பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூரில் மச்சினிக்கு வளைகாப்பு. முடிந்ததும் அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். "ஓம் கேக்குற வண்டியிலதான் எம் பொண்ணு வரணும்" என்று மாமனார் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "புள்ளத்தாச்சிய இந்த வண்டியிலயா ஏத்தப் போறீங்க?"

நிஜமாகவே பயந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை வேங்கிக்கால் மெக்கானிக்கிடம் ஓடினேன். விடுவாரா மாமனார்? அவரும் ஏறிக்கொண்டார்.

"எங்க சார் சத்தம் ஜாஸ்தி வருது?" என்றார் மெக்கானிக்.

"கிரிவலம் போறப்போ."

"மலைய வலமா சுத்தினா ரோடு வலப்பக்கமாவே வளையும் சார். வெயிட்டு இடது சக்கரத்துல வுழும். எதுக்கும் எதிர்ப்பக்கமா ஒரு சுத்து வுட்டுப் பாக்கலாமா?"

"எதிர்ப்பக்கமாவா? மலையையா?" மாமனார் கதவைத் திறந்து இறங்கவே போய்விட்டார்.

சரி, வேண்டாம் என்று பக்கத்தில் ஒரு காலி கிரவுண்டில் ஓட்டினோம். இடது பக்கம் வளைத்தால் அமைதி. வலது பக்கம் வளைத்தால் ஓம். மறுபடி இடது... அமைதி. வலது... ஓம். மாமனார் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

ஷெட்டில் ஜாக்கி போட்டுத் தூக்கி, இடது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார் மெக்கானிக். 'டக் டக்' என்று ஆடியது. வலது சக்கரம் அசையவே இல்லை.

"இடது பக்க வீல் பேரிங் போச்சுங்க ஐயா. இது மட்டும் மாத்தினா போதும்."

"இன்னைக்கு அஷ்டமியாச்சே..." என்று இழுத்தார் மாமனார்.

"பேரிங் கத்த ஆரம்பிச்சா நாள் பாக்கக்கூடாதுங்க. ஆட்டம் ஜாஸ்தியானா ஓடறப்பவே சக்கரம் கழண்டுக்கும்."

அதற்கு மேல் யாரும் பஞ்சாங்கம் பேசவில்லை. மெக்கானிக் புது பேரிங்கைச் சுத்தியலால் தட்டி ஏற்றாமல் பிரஸ் மெஷினில் வைத்து நிதானமாக அழுத்தினார். தட்டி ஏற்றினால் சீக்கிரமே மறுபடி பாட ஆரம்பித்துவிடுமாம்.

ஞாயிற்றுக்கிழமை. பின் சீட்டில் மனைவியும், கை நிறைய வளையலோடு மச்சினியும். முன்னால் மாமனார். வளையல் உரசுவது கூடக் கேட்கிற அளவுக்குக் கார் அமைதியாகப் போனது. எனக்குத்தான் மனசு உறுத்தியது.

"மாமா, அது வண்டிச் சத்தம்னு எனக்கு முன்னாடியே தெரியும்..."

"எப்போலேர்ந்து?"

"மூணு வாரமா."

மாமனார் திரும்பிப் பின் சீட்டில் இருந்த சின்ன மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் தெரியாம கும்புட்டேன். நீங்க தெரிஞ்சே ஓட்டினீங்களே மாப்ள!"