முழங்காலுக்குக் கீழே ஒரு ஓட்டை

கிறிஸ்டினாவோடு வேலை பார்க்கிறவனுக்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. குரோம்பேட்டையில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். ஸ்கேனர் பிடித்துத் தரும் உருவத்தை, மெஷினில் செய்யத் தோதான கம்ப்யூட்டர் மாடலாக மாற்றுவது எங்கள் பிழைப்பு. ஸ்கேனருக்குப் பிடிபடாத இடமெல்லாம் திரையில் ஓட்டையாகத் தெரியும். ‘ஃபில்’ என்ற பட்டனைத் தட்டினால் சாஃப்ட்வேரே அடைத்துவிடும். நான் தட்டிவிட்டு டீ குடிக்கப் போவேன். அந்த மகராசி தட்டவே மாட்டாள்.

கோவளத்தில் மீன் விற்கும் குப்பம்மா அக்கா வந்தார். லாரி மோதி, ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதற்கு வேறெங்கோ அடுத்தடுத்துச் செய்த இரண்டு செயற்கைக் கால்களுமே ஒரே இடத்தில் குத்திப் புண்ணாக்கியிருந்தன.

“நின்னாதாம்மா யாவாரம். குந்திகினு கூவுனா எவன் வாங்குவான்? இதுவும் குத்துச்சுன்னா கடைய வுட்ற வேண்டியதுதான்.”

ஸ்கேன் எடுத்தோம். தழும்பு பளபளத்ததால் அந்த இடம் மட்டும் பெரிய ஓட்டை.

“ஃபில் போடு, முடிஞ்சுது,” என்றேன்.

“போட்டா தட்டையா அடைச்சிடும். அங்க என்ன இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?” அக்காவைக் கேட்டுக்கொண்டு கிறிஸ்டினா விரலால் தடவினாள். தழும்புக்கடியில் எலும்பு சிறிதாகப் புடைத்திருந்தது. தட்டையாக அடைத்தால் அங்கேதான் குத்தும்.

இரும்பு பளபளத்தால் அதை மறைக்க வெள்ளை ஸ்பிரே அடிப்போம். தோலுக்கு அடிக்க முடியுமா? கிறிஸ்டினா கைப்பையிலிருந்து முகப்பவுடரை எடுத்தாள்.

“இன்னா, என்னிய பொண்ணு பாக்க வராங்களா?” என்று குப்பம்மா சிரித்தார்.

பவுடர் பூசி மறுபடி ஸ்கேன் எடுத்ததும் மேடு திரையில் வந்துவிட்டது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் இடைவெளி. அதற்கு ஒவ்வொரு வளைவாக இழுத்து, மேலே கறுப்பு வெள்ளைக் கோடுகளை ஓடவிட்டுப் பார்த்தாள். ஒட்டிய இடத்தில் கோடு முறிந்தால், அழித்துவிட்டு மறுபடி. சாப்பாட்டு டப்பா திறக்கப்படவேயில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, ஓட்டை எங்கே இருந்தது என்று கேட்டாள். தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. அடேயப்பா! எனக்குப் புல்லரித்துவிட்டது.

கால் தயாராகி வந்தது. குப்பம்மா மாட்டிக்கொண்டு எழுந்தார். நாற்காலியைப் பிடித்தபடி கிறிஸ்டினா பக்கத்திலேயே நின்றாள். அக்காவோ அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா பாப்பா, இப்டி எலும்பா கீற? மீனு துன்றியா இல்லியா? சங்கராவ கொழம்பு வச்சி துன்னு. நெத்திலின்னா வறுக்கணும்...” பேசிக்கொண்டே ஜன்னல் வரை போய் ஜி.எஸ்.டி. ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். பேச்சு வஞ்சிரத்துக்குத் தாவியது.

கிறிஸ்டினாவுக்குப் பொறுக்கவில்லை. “அக்கா, காலு எப்படி இருக்கு?”

“எந்தக் காலு?” என்றார் குப்பம்மா.